கண்மாய்க்குள் ஒன்பது குழிகள்

திருவாதவூர்
1936, புரட்டாசி 9

என் மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய அத்தானுக்கு,

ஜெயக்கொடி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். கொழும்பிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் முந்தாநாள் வந்தது. உறையைப் பிரிக்கும் முன் முகர்ந்து பார்த்தேன். கடல் வாசனை அடிக்கும் என்று நினைத்தேன். தபால்காரரின் பொடி வாசனைதான் அடித்தது.

கப்பலில் தலை சுற்றவில்லை என்று எழுதியிருந்தது நிம்மதி. மண்டபம் முகாமில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தி வைத்திருந்ததையும், கோல்ப் மட்டைப் பையோடு நீங்கள் மட்டும் விலகிப் போனபோது அவர்கள் உங்களை ஏதோ வித்தை காட்டுகிறவர் என்று நினைத்துப் பார்த்ததையும் படித்துச் சிரித்தேன். இங்கும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஒத்தக்கடைச் சந்தையில் ஒருவர், வீட்டுக்குச் சாமான் வாங்கப் போன முத்துத்தாயிடம், "உங்க அய்யா சிலோனுக்குக் கம்பு சுத்தப் போயிருக்காகளாமே?" என்று விசாரித்தாராம். அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கொழும்பு மைதானத்தின் நடுவே ரயில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி வரும்போது ஆடுகிறவர்கள் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பார்கள், வண்டியில் இருப்பவர்கள் கையசைப்பார்கள் என்று படித்த அன்றே எனக்கு ஒரு கனவு வந்தது. அந்த வண்டியில் ஜன்னல் ஓரமாக நான் போகிறேன். நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு புல்லில் நிற்கிறீர்கள். நான் கையசைக்கிறேன். நீங்களும் அசைக்கிறீர்கள். ஆனால் யாரோ ஒரு பிரயாணிக்கு அசைப்பது போல அசைக்கிறீர்கள். விழித்த பிறகும் வண்டிச் சத்தம் காதில் இருந்தது.

அப்பத்தின் ஓரம் அப்பளம் போல நொறுங்கியது, நடுவில் உடைத்து ஊற்றிய முட்டை வழிந்தது, மாசிக் கருவாடு இடித்துப் போட்ட தேங்காய்ச் சம்பலின் காரத்தில் கண்ணில் நீர் வந்தது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். எருமைத் தயிரில் கித்துல் மரத்துப் பாகை ஊற்றிச் சாப்பிட்டதைப் படித்தபோது எனக்கே நாக்கில் இனித்தது. சம்பலைச் செய்து பார்க்கலாம் என்று முத்துத்தாயிடம் நம் ஊர்க் கருவாட்டை இடிக்கச் சொன்னேன். வீடு முழுக்க நாறியது. பூனை ஒன்றுதான் பசியாறியது.

மழை இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் இந்த வருஷம் நம் மடைக்கு எட்டவில்லை. கண்மாய் அடிவரை காய்ந்து, நடுவில் மட்டும் மாடு மேயும் அளவுக்குப் புல் இருக்கிறது.

போன வாரம் உங்கள் அக்கா சோலையம்மாள் வந்திருந்தார்கள். வாடிப்பட்டிப் பெண்ணை உங்களுக்குக் கட்டுவதைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் புறப்படுவதற்கு நாலு நாள் முன் கூடத்தில் வைத்துப் பேசிய அதே பேச்சு. "பன்னெண்டு வருசமாச்சு. வயித்துல ஒண்ணும் தங்கல. இன்னும் எம்புட்டு நாளைக்குப் பாத்துக்கிட்டே இருக்கிறது? தம்பி வந்ததும் தை மாசத்துல முடிச்சுப்புடுவோம்" என்றார்கள். உங்கள் சாதகத்தைக் கேட்டார்கள். பெட்டிச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

கொடுத்தது சரியா, தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அன்று கூடத்தில் நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாளே மக்ரே துரைக்குக் கடிதம் எழுதினீர்கள். ஒத்தக்கடைப் பொட்டலில், யானைமலை அடிவாரத்தில், உங்களுக்குக் கோல்ப் பழக்கிவிட்டு, பிறகு இலங்கையில் தேயிலைத் தோட்டம் வாங்கிக்கொண்டு போன மனிதர் அவர். வா வா என்று அவர் நாலு வருஷமாகக் கூப்பிட்டும் போகாதவர், மழைக்காலம் வரப்போகிறது என்று தெரிந்தும் கப்பல் ஏறினீர்கள். இரண்டு மாதம் விளையாடிவிட்டு வருகிறேன் என்று சொன்னீர்கள். நான் முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக் கொடுத்தேன்.

நீங்கள் அடுத்துப் போகும் மலையில் குளிர் அதிகம் என்கிறார்கள். கம்பளியைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜெயக்கொடி


திருவாதவூர்
ஐப்பசி 5

பிரியமுள்ள அத்தானுக்கு,

ஜெயக்கொடி எழுதுவது. நுவரேலியாவிலிருந்து வந்த உங்கள் ஏழு பக்கக் கடிதம் கிடைத்தது. சாதகத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இருக்கட்டும்.

மைதானத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் அளவுக்குப் படித்துவிட்டேன். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் பாய் விரித்தது போல வெட்டிய புல், அதற்குப் பெயர் கிரீன். ஊடே ஓடும் சிற்றோடை. ஊசி இலை மரங்கள். பத்தரை மணிவரை விலகாத மூடுபனி. அடித்த பந்து வெள்ளைக்குள் வெள்ளையாகப் போய் மறைந்துவிடும், பிறகு எங்கோ தூரத்தில் டொக் என்று கேட்கும், அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு நடப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கால் தரையில் இருப்பதில்லை.

இப்போது நான் சொல்லப்போவதற்கு நீங்கள் சிரிக்கலாம், கோபப்படக் கூடாது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நீங்கள் விட்டுப்போன பழைய மட்டைகளில் மூன்றை எடுத்தேன். பதினோரு பந்துகள் இருந்தன. ஒரு நாள் விடியும் நேரத்தில் முத்துத்தாயைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினேன். களைக்கொத்தியால் குழி தோண்டி, உள்ளே ஒரு சிரட்டையைப் பதித்தோம். அப்படி ஒன்பது. பதினெட்டுக்கு இடம் இருக்கிறது, முத்துத்தாய்க்குத்தான் இடுப்பு வலிக்கிறது.

மடை திறக்கும் பெரியவர் காளை கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாயி, கண்மாய்க்குள்ள குழி தோண்டுறீகளே, ஏதும் நேத்திக்கடனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? மறுநாள் போனால் வழியெல்லாம் கருவேல முள்ளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார் பாவம்.

முதல் நாள் மட்டை பந்தில் படவே இல்லை. மண்தான் பறந்தது. இரண்டாம் நாள் பந்து பக்கவாட்டில் ஓடி ஒரு எருமையின் காலடியில் நின்றது. முத்துத்தாய், "இம்புட்டூண்டு பந்த அம்புட்டுத் தூரம் அடிக்கிறதாம், பெறகு நாமளே நடந்து போயி எடுக்கிறதாம். இதுக்காக்கும் சிலோன் போனாக?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோபமில்லாமல், வேகமில்லாமல், கையை அதன் போக்கில் விட்டு வீசினேன். கையில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பந்து மேலே இருக்கிறது. யானைமலை இருக்கும் திசையில், வெளுத்துக்கொண்டிருந்த வானத்தில், அது போய்க்கொண்டே இருந்தது.

அது தரையில் விழும்வரை என் மனசில் ஒருவரும் இல்லை, அத்தான். உங்கள் அக்கா இல்லை. வளைகாப்பு வீடுகளில் என்னைக் கண்டதும் வளையல் தட்டை வேறு பக்கம் நகர்த்துகிற கைகள் இல்லை. எனக்கு முப்பது வயது என்பதுகூட இல்லை. விழுந்த பிறகுதான் எல்லாம் திரும்ப வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக ஒத்தக்கடைப் பொட்டலுக்குப் போகிறீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

இப்போது தினமும் போகிறேன். மூன்றாவது குழிக்கும் நாலாவதுக்கும் நடுவில் வெடித்த களிமண் இருக்கிறது, அதை உங்கள் ஓடை என்று வைத்துக்கொள்கிறேன். நாணல் மண்டிய இடம் ஊசி இலைக் காடு. மூடுபனிக்கு மட்டும் வழியில்லை. சில நாள் ஆடு மேய்க்கும் சின்னான் கிடை போட்டு எழும்பிய ஆட்டுப்புழுதி, வெயில் பட்டுப் பொன்னாகத் தொங்கும். அதைப் பனி என்று சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கிளப்பில் நடந்த விருந்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சூப்பு வந்த வெள்ளிப் பாத்திரம், ஆட்டுத்தொடையை நின்றபடி அறுத்த சமையல்காரரின் நீளக் கத்தி, அசைந்தால் நடுங்கும் சிவப்பு ஜெல்லி, பாலாடை போட்ட ஸ்ட்ராபெரிப் பழம். நாலு முறை படித்தேன். கொழும்பு அப்பம் எப்படி நொறுங்கியது என்று எழுதினவர், இதில் ஒன்றிலாவது உப்பு இருந்ததா, உறைப்பு இருந்ததா என்று எழுதவில்லை. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது போல இருக்கிறது. நான் தப்பாகக் கூட நினைத்திருக்கலாம். தப்பென்றால் மன்னியுங்கள். அன்றைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

துரை பங்குனியில் தன் சொந்த ஊரான ஸ்காட்லாந்துக்குப் போகிறார், கூட வா என்கிறார், கடலோர மணல்மேட்டில் இந்த ஆட்டம் பிறந்த இடத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு வருஷம் ஆகும், நீ சரி என்று எழுதினால் நான் இங்கிருந்தே கப்பல் சீட்டு எடுத்துவிடுவேன் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைத்தான் குறைவாகப் படித்தேன்.

யோசித்து எழுதுகிறேன். நீங்களும் ஒன்றை யோசித்து எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் சுகத்தையே எப்போதும் விரும்பும்,
ஜெயக்கொடி


திருவாதவூர்
கார்த்திகை 13

என் அத்தானுக்கு,

ஜெயக்கொடி. உடம்பு நலம். மழை பிடித்துக்கொண்டது. பதினோரு நாளாக வானம் வெளுக்கவில்லை. வரிசையாகச் சொல்கிறேன், குழப்பம் வேண்டாம்.

தீபாவளி கழிந்த வாரம் நான் வாடிப்பட்டிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. உங்கள் அக்காவுக்குத் தெரியாது. முத்துத்தாயோடு ஒத்தக்கடை வரை வண்டி கட்டிக்கொண்டு போய், மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டுக்கல் ரோட்டில் இன்னொரு பஸ். வழியெல்லாம் தூறல். வயல்களில் நாற்றுப் பச்சை அப்போதுதான் பிடித்திருந்தது. ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே போனேன். சண்டை போடப் போகிறோமா, வாழ்த்தப் போகிறோமா என்று எனக்கே தெரியாது.

பெண்ணின் பெயர் அன்னக்கொடி. பதினேழு வயது. நல்ல பெண், அத்தான். நிறம் என்னைவிட மட்டு, கண் என்னைவிட அழகு. நான் இன்னார் என்றதும் அவள் அம்மா பதறிப்போய்ப் பலகை போட்டு, காபி கொடுத்து, நான் முறைப்படி பெண் கேட்க வந்ததாக நினைத்துக்கொண்டு சொந்தக்காரர்களைக் கூப்பிட ஓடிவிட்டார்கள். கிணற்றடியில் நானும் அந்தப் பெண்ணும்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, அவுக என்னையப் பாத்ததே இல்லையே. பாக்காமலே எப்பிடிச் சரின்னாக?" என்று கேட்டாள். அவர் சரி என்று சொல்லவில்லை என்றேன். "அப்ப வேணாம்னாகளா?" என்றாள். அதுவும் சொல்லவில்லை என்றேன். கிணற்றில் விழுந்த மழைத்துளியைப் பார்த்துக்கொண்டே, "பெறகு நான் எதுக்கு உக்காந்துக்கிட்டிருக்கேன்?" என்றாள்.

அந்தக் கேள்வியைத்தான் நான் ஒரு மாதமாகக் கண்மாய்க்குள் பந்தாக அடித்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதுப் பெண் ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.

அவள் அப்பா வந்ததும் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் இதுவரை வாக்குக் கொடுக்கவில்லை, வாக்குக் கொடுக்காத மனிதருக்காக உங்கள் பெண்ணை உட்கார வைக்க வேண்டாம், அவருடைய சாதகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "ஊரக் கூட்டிப் பேச்ச ஆரம்பிச்சது உங்க வீடும்மா, நாங்க இல்ல" என்றார். உண்மைதான், அதற்காகக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். வாசலில் வந்து குடை பிடித்தவள் அன்னக்கொடி. சந்தோஷப்பட்டாளா வருத்தப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வயதில் எனக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் அக்கா மறுநாளே வந்துவிட்டார்கள். "நீ அவன் பொண்டாட்டியா, இல்ல அவனுக்கு மேல அதிகாரியா? அவன் வந்து வேணாம்னு சொல்லட்டும். நீ யாருடி சொல்றதுக்கு?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அழுதுகொண்டே போனார்கள். தம்பி வம்சம் தழைக்க வேண்டும் என்ற ஆசையில் அழுகிறவர்களை நான் எப்படிப் பகைக்க முடியும்?

இதெல்லாம் முடிந்த மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது.

கிளப்பின் சாப்பாட்டு அறைக்குள் நம்மவர்களை விடுவதில்லை, மைதானத்தில் துரையின் விருந்தாளியாக ஆடலாம், உள்ளே உட்கார முடியாது, துரை வெட்கப்பட்டுத் தட்டை வெளியே அனுப்புகிறேன் என்றார், நான் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் பின் வராந்தாவில் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்தது நீங்கள் என்பதையும் இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள். பிறகு உங்கள் மட்டைப் பையைச் சுமந்த அழகுமலை, மேலூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களின் பிள்ளை, "நம்ம வீட்டுக்கு வாங்கண்ணே" என்று கூப்பிட்டுப் போய், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அவர் சம்சாரம் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டதை எழுதியிருக்கிறீர்கள். "குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்" என்ற வரியைப் படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. உங்களுக்குச் சோறு போட்ட அந்த அம்மாளின் பெயரை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். தெரிந்துகொள்ள வேண்டும்.

வாடிப்பட்டிப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, அதைக் காதில் வாங்கக் கூடாது என்றுதான் கப்பல் ஏறினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தான், காதில் வாங்காமல் போவது உங்களுக்கு மட்டும்தான் முடிந்தது. நான் இந்த வீட்டில்தானே இருந்தேன். அன்றைக்குக் கூடத்தில் எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரு மௌனம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு அப்புறம் இலங்கை என்ன, சந்திர மண்டலத்துக்கே போய்க் கோல்ப் ஆடியிருந்தாலும் நான் சிரித்துக்கொண்டே முறுக்குச் சுட்டிருப்பேன்.

கண்மாய் நிறைந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை முதல் தண்ணீர் வந்தபோது கரையில் நின்று பார்த்தேன். ஒன்பதாவது குழிதான் முதலில் போனது. பிறகு ஓடை, காடு எல்லாம். காளை பதறிப்போய், குழிகள் போய்விட்டனவே, வேறு இடத்தில் தோண்டித் தரட்டுமா என்று கேட்டார். நேர்த்திக்கடன் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். இப்போது கரையில் உட்கார்ந்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அடியில் ஒன்பது சிரட்டைகள் இருக்கின்றன. ஆறாவது குழியில் ஒரு கெண்டை மீன் குடியேறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அது வெளியே எட்டிப் பார்க்கும்போது அதன் வானம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிடுகிறேன். முத்துத்தாய் வந்து அதட்டி எழுப்பிக் கூட்டிப் போகிறாள்.

இனி ஸ்காட்லாந்து. அங்கே எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்று துரை சொல்கிறாராம். இருக்கலாம். போக வேண்டாம் என்று நான் எழுத மாட்டேன். பந்து ஆகாயத்தில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு, எந்த வாயால் வேண்டாம் என்பேன்? போங்கள். ஆனால் அங்கிருந்தே போகாதீர்கள். ஒரு முறை வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். உங்கள் அக்காவை உட்கார வைத்து, நான் உங்கள் பக்கத்தில் நிற்கும்போது, நீங்கள் சொல்ல வேண்டியதை உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் வாடிப்பட்டியில் சொன்னது பாதிதான். மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் அனுப்ப முடியாது.

அதன் பிறகு எனக்கும் ஒரு ஆசை இருக்கிறது. உங்களோடு அந்த மலைக்கு ஒரு தடவை வர வேண்டும். கிளப்புக்குள் வர மாட்டேன், எனக்கு அந்த ஜெல்லி வேண்டாம். காலையில், ஒருவரும் வராத நேரத்தில், பனிக்குள் ஒரே ஒரு பந்தை அடித்துவிட்டு, அது விழுகிற சத்தத்தைக் கேட்டு நடந்து போக வேண்டும். நீங்கள் முன்னால் போக வேண்டாம். நானும் பின்னால் வரவில்லை.

மீனாட்சி அம்மன் உங்களைக் கடல் கடந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். குளிர் காற்றில் காதை மூடிக்கொள்ளுங்கள். கப்பலில் மேல்தட்டில் அதிக நேரம் நிற்காதீர்கள். தனுஷ்கோடியில் இறங்கியதும் ஒரு தந்தி அடியுங்கள், பெரிதாக ஒன்றும் வேண்டாம், வருகிறேன் என்று இருந்தால் போதும். நான் இலை போட்டுக் காத்திருப்பேன்.

உங்கள்
ஜெயக்கொடி